சண்முகப்ரியா சொன்ன எண்ணிக்கை

எங்கள் தெருவில் மகாராஜனைக் குடிகாரன் என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. முத்தையாபுரத்தில் ஒருவன் குடிகாரன் என்று பெயரெடுப்பது அவ்வளவு சுலபமா என்ன? சாக்கடையில் விழுந்து கிடக்க வேண்டும். கைலி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று ஆக வேண்டும். பெண்டாட்டியை அடிக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு மட்டம் போட வேண்டும். இதில் ஒன்றுகூட மகாராஜனிடம் கிடையாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் பழுது பார்க்கும் ஷெட்டில் அவன் வெல்டர். அவன் பற்றவைத்த இடத்தில் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது என்று ஷெட்டில் சொல்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவன் தெருவில் எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் உள்ளே போவான்.

"அவன் அளவாக் குடிக்கிறவன்" என்று சொல்வோம். அந்த அளவு எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டவள் அவன் பெண்டாட்டி சண்முகப்ரியா ஒருத்திதான். அவளுக்கு இறால் கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்று எண்ணித் தரம் பிரிப்பாள். பத்து வருஷமாக எண்ணி எண்ணி அவளுக்கு அது ஒரு குணமாகவே ஆகிவிட்டது. சூபர்வைசர் "ஏறக்குறைய சரியா இருக்கு" என்றால், "ஏறவா, குறையவா? ஒண்ணச் சொல்லுங்க சார்" என்று கேட்பாள். பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினால் நின்றுகொண்டிருக்கும் தலைகளை எண்ணி உரக்கச் சொல்வாள். இவளோடு பஸ்ஸில் போகவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நான் எதிர்வீட்டுத் தையல்காரி, செல்லக்கனி. வருஷம் முழுக்க ஜாக்கெட், பாவாடை. குலசை தசரா வந்தால் வேஷ உடுப்பு. குலசேகரப்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டு நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து, வேஷம் கட்டி, காணிக்கை வாங்கிக் கொண்டுபோய்ச் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் தெருவுக்கென்று ஒரு தசரா குழு உண்டு. மளிகைக்கடை தங்கப்பாண்டி அண்ணாச்சிதான் அதற்குத் தலைவர். காளி வேஷம் மகாராஜனுக்கு. ஆறு வருஷமாக அவனுக்கு நான்தான் தைக்கிறேன்.

அந்த விரதம்தான் அவனுக்குக் கிடைத்த பெரிய சாட்சி. "நாப்பத்தோரு நாள் ஒரு சொட்டு தொட மாட்டேன். நான் குடிகாரன்னா முடியுமா?" என்பான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கும் காலி பாட்டில்களை எண்ணி வைத்துக்கொண்டு சண்முகப்ரியா பேச வருவாள். அவனோ, "நான் விழுந்தேனா? உன்னைத் தொட்டு அடிச்சேனா? வேலைக்குப் போகாம இருந்தேனா?" என்று மூன்றே கேள்வியில் முடித்துவிடுவான். அவள் என்னிடம் வந்து அழுதபோது, "விடுளா, ஊரு உலகத்துல இல்லாததா? உன் புருசன் தங்கம்" என்று நானும் அனுப்பிவைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மகாராஜன் மாலை போட்டான். சனிக்கிழமை சாயங்காலம் உடுப்புக்கு அளவெடுக்கப் போனேன். கையை நீட்டச் சொன்னால் கை நிற்கவில்லை. டேப் வழுக்கிக்கொண்டே போனது. அவனுக்கு வியர்வை ஊற்றியது. "என்ன மகாராஜா, காய்ச்சலா?" என்றேன். "இல்லக்கா. இந்த வருசம் அம்மா சீக்கிரமே பக்கத்துல வந்துட்டா" என்றான். நான் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு, குழுவின் குடிலில் உச்சிப் பூசை. ஓலைப் பந்தலுக்குள் நூறு பேருக்கு மேல் நின்றோம். மேளம் ஏற ஏற மகாராஜன் ஆட ஆரம்பித்தான். கை, கால், தாடை எல்லாம் நடுங்கின. "சாமி வந்துட்டு!" என்று யாரோ கத்த, பெண்கள் குலவை போட்டார்கள். தங்கப்பாண்டி அண்ணாச்சி அவன் கையில் வேப்பிலையைக் கொடுத்து, சூடம் காட்டி, "தாயே, என்ன வேணும்? சொல்லு" என்றார்.

மகாராஜன் பந்தலை ஒட்டிய சுவரையே பார்த்தான். "எறும்பு... செவரு பூரா எறும்பு ஏறுது" என்றான்.

"புத்து கேக்கா! ஆத்தாளுக்குப் புத்து வேணுமாம்!" என்று அண்ணாச்சி எல்லோருக்கும் விளக்கினார்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? முன்னால் போய் விழுந்து, "என் மகளுக்கு எப்பம்மா கல்யாணம் கூடும்?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. தன் கைமேல் எதையோ பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டு, "தட்டி விடு, தட்டி விடு" என்றான். தடையெல்லாம் தட்டி விடுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, கண்ணீரோடு திருநீறு வாங்கி நெற்றியில் பூசினேன். ஒரு மனுஷன் சாகக் கிடந்தான், நான் அவனிடம் ஜாதகம் பார்த்தேன்.

அப்போதுதான் சண்முகப்ரியா வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு அரை ஷிப்ட் உண்டு. கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்காக?"

"தள்ளி நில்லுளா, அம்மா வந்திருக்கா" என்றார் அண்ணாச்சி.

"அம்மன் இல்ல அண்ணாச்சி" என்றாள் அவள். சத்தமாகத்தான் சொன்னாள். மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். "இது தினமும் காலையில எங்க வீட்டுல நடக்கது. சட்டைப் பித்தானப் போட முடியாம இவுக கை இப்படித்தான் ஆடும். முந்துன நாளு மிச்சம் வச்சதுல ஒரு கட்டிங், அரைக் குவாட்டரு, உள்ள போனாத்தான் நிக்கும். மூணு நாளா அது உள்ள போகல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

கூட்டத்துக்கு வந்ததே ஒரு கோபம்! "சாமி குத்தம்ளா", "வாயக் கழுவு", "புருசனக் குடிகாரன்னு சொல்ல ஒரு பொம்பளைக்கு எப்படி நாக்கு வருது" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நானும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அண்ணாச்சி சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மாலை போட்டவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. தீட்டு. குழுவுக்கே ஆகாது" என்றார்.

"அம்மன் வந்தா மொதல்ல விழுந்து கும்புடுதவ நான்தான். வராத நேரத்துல அவ பேரைச் சொல்லாதிய."

அந்த நேரம் தனராஜ் அவள் பக்கத்தில் வந்தான். மகாராஜனோடு அதே ஷெட்டில் வேலை பார்க்கிற வெல்டர். மாலை போடாதவன். தினமும் சேர்ந்து குடிக்கிற கூட்டாளி. குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயி ஒரு கட்டிங் குடுத்தா நின்னுரும்" என்றான்.

சண்முகப்ரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ இது சாமி இல்லன்னு உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டா கும்புட்டுக்கிட்டு நின்னிய?"

தனராஜ் பதில் சொல்வதற்குள் மகாராஜன் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். கண் மேலே சொருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நாக்கைக் கடித்ததில் கடைவாயில் ரத்தம் வந்தது. அப்போதும் மேளம் நிற்கவில்லை. "அம்மா மலையேறுதா, மலையேறுதா" என்று அண்ணாச்சி கும்பிட்டார்.

"மேளத்த நிறுத்துங்கலே!" என்று சண்முகப்ரியா போட்ட சத்தத்தில் பந்தலே அடங்கிப்போனது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் பத்து ஆண்களைப் பார்த்து 'லே' போட்டு நான் கேட்டதில்லை. அவள் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தலைக்குத் தன் கம்பெனித் தொப்பியை வைத்தாள். யாரும் தூக்க வரவில்லை. தீட்டாம். ஸ்டாண்டிலிருந்து ஜாய்சன் ஆட்டோவைப் பந்தல் வாசலுக்கே கொண்டுவந்தான். அவளும் ஜாய்சனும் நானுமாக மகாராஜனைத் தூக்கிப் போட்டோம். என் நெற்றியில் அந்தத் திருநீறு அப்படியே இருந்தது.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். ருமைஸா என்று பெயர், காயல்பட்டினத்துப் பிள்ளை. விளக்கு அடித்து அவன் கண்ணைப் பார்த்தபடியே, "குடிப்பாரா? எவ்வளவு?" என்று கேட்டார்.

எங்களுக்குப் பின்னாலேயே பைக்கில் தனராஜும் அண்ணாச்சியும் வந்துவிட்டார்கள். அண்ணாச்சி, "விரதத்துல இருக்கான்மா. குடிக்கல" என்றார். தனராஜ், "அளவாத்தான் மேடம். எப்பவாச்சும் கம்பெனி குடுக்க ஒரு கட்டிங்" என்றான்.

டாக்டர் எழுதப் போனார்.

"எழுதாதிய மேடம்" என்றாள் சண்முகப்ரியா. "ஒரு நாளைக்கு மூணு குவாட்டரு. ஐநூத்தி நாப்பது மில்லி. காலையில பல்லு தேய்க்கதுக்கு முன்னாடி பாதி. மத்தியானம் ஒண்ணு. சாயங்காலத்துல இருந்து மிச்சம் பூரா. போன தசரா முடிஞ்சதுல இருந்து இதே கணக்கு, அதுக்கு முன்னாடி ரெண்டு. வியாழக்கிழமை ராத்திரி ஒம்போதரைக்குக் கடைசி. அதுக்குப் பொறவு ஒரு சொட்டு இல்ல."

அங்கே பத்து இருபது பேர் நின்றார்கள். எங்கள் தெரு ஆட்களும் இருந்தார்கள். எனக்கே முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் நர்ஸ் ஓடினாள், ஊசி வந்தது, கட்டில் வந்தது. மருந்தின் அளவே இந்தக் கணக்கை வைத்துத்தான் என்று பிறகு தெரிந்தது. எப்பவாச்சும் ஒரு கட்டிங் என்று எழுதியிருந்தால் வேறு வியாதி என்று தேடிக்கொண்டிருப்பார்களாம். அதற்குள் இன்னொரு இழுப்பு வந்திருக்கும்.

இரண்டு நாள் அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஷெட்டில் நெருப்புப் பிடித்துவிட்டது என்று கத்துவான். எழுந்து ஓடாமலிருக்க இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். சண்முகப்ரியா வராந்தாவில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "பயமா இருக்குக்கா. இவுக போயிட்டாகன்னா, அம்மன் கூட்டிக்கிட்டான்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. போஸ்டர்கூட ஒட்டுவாங்க. எதுனால போனாகன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க." அந்தப் போஸ்டரைப் பார்த்து முதலில் கும்பிட்டிருக்கக் கூடியவளே நான்தான்.

மூன்றாம் நாள் டாக்டர் ருமைஸா எங்களை உட்கார வைத்துப் பேசினார். "விழுறது, அடிக்கிறது எல்லாம் கணக்கே இல்ல. காலையில குடிச்சாத்தான் கை நிக்குதுன்னா அது ரொம்ப அதிகம். அப்படிப்பட்டவங்க பட்டுன்னு நிறுத்தக் கூடாது. உயிருக்கே ஆபத்து. இங்க வந்து, மருந்தோட நிறுத்தணும்." நாற்பத்தொரு நாள் நிறுத்த முடிகிறது, அதனால் அவன் குடிகாரன் இல்லை என்று நாங்கள் கொண்டாடினோமே, அந்த நிறுத்தம்தான் அவனை அடித்துப் போட்டிருந்தது. போன வருஷங்களில் குடி குறைவு. தூக்கம் வராமல் புரண்டதோடு தப்பித்திருக்கிறான்.

ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தான். வந்ததும் முதல் காரியமாக அவளோடு பேச்சை நிறுத்தினான். உயிர் போய் வந்ததெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. ஊருக்கு முன்னால் எண்ணிக்கையைச் சொன்னாள் என்பதுதான் குத்தியது. "குடிகாரன்னு பட்டம் கட்டிட்டால்லா" என்று என்னிடம் சொன்னான். "கட்டாம விட்டிருந்தா உனக்குப் பாடை கட்டியிருப்போம்" என்றேன். என்னோடும் ஒரு வாரம் பேசவில்லை.

தெருவும் அவளைத்தான் வைதது. குடிலில் கூட்டம் போட்டு, விரதம் முறிந்துவிட்டது, மாலையைக் கழற்ற வேண்டும் என்றார் அண்ணாச்சி. சண்முகப்ரியா அங்கேயும் போய் நின்றாள்.

"விரதம்னா என்ன அண்ணாச்சி? குடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில அவுக என்ன குடிச்சாக? கஞ்சியும் குளுக்கோசும். முறிஞ்சது எங்கனன்னு காட்டுங்க, கழட்டிருவோம்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் அண்ணாச்சியால் அழுத்திச் சொல்ல முடியவில்லை. மாலை இருக்கட்டும், காளி வேஷம் கிடையாது என்று முடித்தார். பாதி தைத்த உடுப்பை நான் மடித்து வைத்தேன். கொடியேற்றத்தன்று மகாராஜன் சாதாரணமாகக் காவி வேட்டியோடு போய்க் கையில் காப்புக் கயிறு கட்டிக்கொண்டான். இந்த நாட்களில் அவள் மாத்திரையை எடுத்து வைப்பாள், அவன் வாய் திறக்காமல் விழுங்குவான். மறுபடி ஷெட்டுக்குப் போனான். காலையில் எதுவும் குடிக்காமலே இப்போது அவன் கை நின்றது. நான் ஜன்னல் வழியே பார்ப்பேன், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே தெருவில் இறங்குவான்.

தசராவின் பத்தாம் நாள் சூரசம்ஹாரம் முடிந்து மறுநாள் காப்பை அவிழ்க்க வேண்டும். எங்கள் ஆண்களுக்கு அது என்ன நாள் என்று எல்லோருக்கும் தெரியும். காப்பு அவிழ்ந்த கையோடு கடையில் போய் நிற்பார்கள். நாற்பத்தொரு நாள் பாக்கியை ஒரே நாளில் தீர்க்கிற வேகம். அண்ணாச்சிக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். எல்லோருக்கும் அவிழ்த்துவிட்டு மகாராஜன் முறை வந்தபோது நிறுத்தினார்.

"ஏளா சம்முகப்ரியா, இவனுக்கு மட்டும் தைப்பூசம் வரைக்கும் காப்பு இருக்கட்டும். நான் அம்மாகிட்ட உத்தரவு கேட்டுக்கிடுதேன். கையில கயிறு இருந்தா தொட மாட்டான்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுச் சரி என்று சொல்வாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கயிறு இருந்தால் அவளுக்கு மூன்று மாதம் நிம்மதி.

"வேண்டாம் அண்ணாச்சி. அவிழ்த்துருங்க."

"யோசிச்சுச் சொல்லுளா."

"யோசிச்சாச்சு. அம்மனுக்குப் பயந்து நாப்பத்தோரு நாள் இருந்தாச்சு. எப்பவும் ஒரு கயிறு பிடிச்சுக்கிட்டே இருக்க முடியுமா? கயிறு இல்லாம நிக்காகளான்னு பாக்கணும். நிக்கலன்னா மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவேன். அங்கயும் எத்தனைன்னு கேப்பாங்க, அங்கயும் சொல்லுவேன்."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. உதடு வெளுத்திருந்தது. மகாராஜன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கையை நீட்டினான். அண்ணாச்சி அவிழ்த்தார்.

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வாசலில் உட்கார்ந்து அவளோடு பூ கட்டிக்கொண்டிருந்தேன். மகாராஜன் வாசல்படியில் இருந்தான். அவன் காதும் அவள் காதும் தெருவில்தான் இருந்தன. தனராஜ் வந்தான். கடைக்குப் போகிற உற்சாகம் முகத்தில் தெரிந்தது.

"ஏலே மகாராஜா, எந்தி. காப்புத்தான் அவுத்தாச்சுல்லா? ஒரு கட்டிங். பழைய மாதிரி அளவா அடிச்சுக்கிடுவோம்."

சண்முகப்ரியாவின் கையில் நூல் நின்றுவிட்டது. எண்ணிக்கை சொல்லாமல் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மகாராஜன் எழுந்தான். தெருவில் குழாயடியில் நின்ற பெண்கள், கடைக்குப் போகக் கிளம்பி நின்ற ஆண்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "எனக்கு அளவெல்லாம் கிடையாதுலே. நான் ஒரு நாளைக்கு மூணு குவாட்டரு குடிச்சவன். கை நடுங்காம சட்டை போடக் குடிச்சவன். நீயும் பார்த்தேல்லா? ஆஸ்பத்திரியில கட்டிங்னு பொய் சொன்னே. அவ சொன்னா, நான் இருக்கேன். எனக்கு வேண்டாம், நீ போ."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவன் அவளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சண்முகப்ரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தெரு கலைந்தது. தனராஜ் போகவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் பைக் ஸ்டாண்டைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் வந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, அவளிடம் குனிந்து சொன்னான்.

"தங்கச்சி, எனக்கு நாலு. நாளையில இருந்து நானும் நிறுத்திருதேன்."

அவள் முந்தானையை விலக்கிவிட்டு எழுந்தாள்.

"நிறுத்திராதிய அண்ணே" என்றாள். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. அங்கன போயி நிறுத்துங்க. எவ்வளவுன்னு கேப்பாங்க. நாலுன்னு நீங்களே சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"